டோர் டு டோர் என்றார்கள், முக்கு ரோடு வரைக்கும் வந்தது

2024 ஜனவரி 18ஆம் தேதி தோஹாவில் கார்கோ ஆபீசில் கொடுத்த இரண்டு பெட்டியும் ஏப்ரல் 4ஆம் தேதி, நோன்பு 24இல், எங்கள் ஊர் கீழக்கரையில் முக்கு ரோட்டுக்கு வந்து சேர்ந்தன. 77 நாள். அவர்கள் சொன்னது 45. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெட்டி வந்தது. வராமலே போன கதைகளும் எங்கள் தெருவில் உண்டு. அதனால் இதை வெறும் புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லாத்தா, அதாவது என் அக்கா, மகன் இப்போது கத்தாரில்தான் இருக்கிறான். "மாமா, எந்தக் கார்கோவில் போடலாம், கடல் வழியா, ஏரா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு போனில் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். கம்பெனி பெயர் போடப்போவதில்லை. கவுண்டரில் நிற்கும் பையன்கள் நம்மைப்போல மாதச் சம்பளத்துக்கு நிற்பவர்கள். அதுவுமில்லாமல் நான் சொல்லும் குறையில் முக்கால்வாசி, நான் பெட்டி போட்ட நாலைந்து கார்கோ ஆபீசுக்கும் பொருந்தும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 17 வருடம் தோஹாவில் ஒரு சூப்பர்மார்க்கெட் குடோனில் வேலை. பெட்டி பிரிப்பதும் அடுக்குவதும்தான் தொழில். அதனால் அட்டைப்பெட்டி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாடம் எடுத்தவன் ஒருவன் இருந்தான், அவனைப் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முடியாது.

அவனைக் கபாயன் என்றுதான் கூப்பிடுவோம். வளைகுடாவில் பிலிப்பைன்ஸ்காரர் எல்லாருக்கும் அதுதான் பெயர். அவர்கள் பாஷையில் "நம்ம ஊர்க்காரன்" என்று அர்த்தமாம். அர்த்தம் தெரியாமலே பங்களாதேஷிலிருந்து எகிப்துவரை எல்லாரும் அப்படிக் கூப்பிடுகிறார்கள், அவர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். இவனுக்குப் போஹோல் தீவு. என்னைவிட 8 வயது சின்னவன், என்னைக் "குயா" என்பான். குயா என்றால் அண்ணன், எங்கள் ஊர் வழக்கில் காக்கா. அதனால் எனக்கு அது அந்நியமாகவே படவில்லை.

கபாயன் ஊருக்குப் பெட்டி அனுப்பும் முறையைப் பார்த்த பிறகுதான் நம் கார்கோவின் மேல் எனக்குக் கோபமே வந்தது. அவர்கள் அதைப் பாலிக்பாயன் பெட்டி என்கிறார்கள். பாலிக் என்றால் திரும்புவது, பாயன் என்றால் ஊர், நாடு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர் பலர் வீட்டுக்கு வருஷத்துக்கு ஒன்றாவது போய்விடும். கட்டணம் எடைக்கு இல்லை, பெட்டிக்கு. இந்த அளவுப் பெட்டி, இந்தத் தீவு, இவ்வளவு காசு, அவ்வளவுதான். உள்ளே பஞ்சை வை, இரும்பை வை, ஒரே காசு. அதனால் அவன் பெட்டி கட்டும் நாள் எங்கள் ரூமில் திருவிழாதான். டின் மீன், கார்ன்ட் பீஃப், சோப்பு, டவல், பழைய ஷூ. ஷூவுக்குள்ளே சாக்லேட், சாக்லேட்டுக்கு இடையில் ஊக்குப் பாக்கெட். காற்றுக்குக்கூட இடம் விடமாட்டான். மேலே இரண்டு பேரை உட்காரவைத்து டேப் ஒட்டுவான்.

நமக்கோ கிலோ கணக்கு. ஒவ்வொரு பொருளையும் கையில் தூக்கிப் பார்த்து, "இது வேணுமா, இதுக்கு ரியால் கொடுக்கணுமா" என்று யோசித்தே பெட்டிக்குள் வைக்க வேண்டும். உம்மாவுக்கு ஆசையாக வாங்கிய கண்ணாடிக் கிண்ணத்தை எடை பார்த்துத் திரும்ப வெளியே எடுத்து வைத்தவன் நான். அது இன்னும் அந்த ரூமில்தான் இருக்கும், யாராவது அதில் ஊறுகாய் போட்டு வைத்திருப்பார்கள்.

எடைக் கணக்கிலும் ஒரு சூது உண்டு. பேத்தி பிறக்கப்போகிறாள் என்று ஒரு பெட்டி மட்டும் ஏர் கார்கோவில் போட்டேன். குழந்தைத் துணி, கொசுவலைக் கூடாரம், இரண்டு பஞ்சுப் பொம்மை. தராசில் 9 கிலோ. பில்லில் 24 கிலோ. ஏன் என்று கேட்டால் பையன் இஞ்ச் டேப்பை எடுத்து அளந்து காட்டினான். 60 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். மூன்றையும் பெருக்கி 5,000 ஆல் வகுத்தால் 24.3. எடை, இந்தக் கணக்கு, இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் காசு. விமானத்தில் இடத்துக்கும் விலை உண்டு, அது ஊரறிந்த விதிதான், அவன் ஏமாற்றவில்லை. ஆனால் 17 வருடம் பெட்டி தூக்கிய எனக்கே அன்றைக்குத்தான் அது உறைத்தது. கிலோ 14 ரியால், 336 ரியால் கட்டினேன். அதில் 210 ரியால் பொம்மைக்குள் இருந்த காற்றுக்கு. கபாயன் சிரி சிரி என்று சிரித்தான். பொம்மையைப் பாலிதீன் பையில் போட்டு, வாக்குவம் கிளீனரால் காற்றை உறிஞ்சிச் சப்பையாக்கி அனுப்ப வேண்டுமாம். "குயா, என்னிடம் கேட்டிருக்கலாமே." கேட்டிருக்கலாம்தான். ஏர் பெட்டி 6 நாளில் வந்தது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பேத்தி பிறப்பதற்கு முன்பே பொம்மைகள் வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டன.

கடல் பெட்டிக்கு வருவோம். இரண்டு பெட்டி, பில்லில் 43, 38. கிலோ 7 ரியால், மொத்தம் 567. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 13,000 ரூபாய். வரி, கிளியரன்ஸ், வீடுவரை டெலிவரி எல்லாம் சேர்த்து என்றார்கள். வரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2017 ஜூன்வரை 20,000 ரூபாய்க்குள் அன்பளிப்பாக வரும் பெட்டிக்கு இங்கே சுங்க வரி கிடையாது. ஜி.எஸ்.டி. வந்த கையோடு அந்தச் சலுகை போனது. 40 சதவீதத்துக்கு மேல் வரி என்றார்கள், கார்கோ ஆபீஸ்கள் ரேட்டை ஏற்றிவிட்டன. நாங்கள் ரூமில் இரண்டு நாள் திட்டினோம், மூன்றாம் நாள் புது ரேட்டில் பெட்டி போட்டோம்.

கபாயன் ஊரில் அப்படி நடக்கவில்லை. 2015 ஆகஸ்டில் அவர்கள் சுங்கத்துறை, பாலிக்பாயன் பெட்டிகளை இஷ்டத்துக்குத் திறந்து பார்ப்போம் என்று சொன்னது. உலகம் முழுக்க இருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் போட்ட கூச்சலில் ஜனாதிபதியே தலையிட்டு, கண்டபடி திறக்காதே, எக்ஸ்ரேயில் பார் என்று உத்தரவு போட்டார். அடுத்த வருடம் சட்டத்தையே மாற்றினார்கள். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் 1,50,000 பெசோ மதிப்புவரை, வருடத்துக்கு மூன்று முறை வரியில்லாமல் அனுப்பலாம். இதை அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வான். கேட்க எரிச்சலாகத்தான் இருக்கும்.

அவர்களுக்கு மட்டும் எல்லாம் தேனும் பாலும் என்று நினைக்க வேண்டாம். அங்கே செப்டம்பர் பிறந்தாலே கிறிஸ்துமஸ் பாட்டுப் போட ஆரம்பித்துவிடுவார்கள். கபாயனும் செப்டம்பர் கடைசியில் பெட்டி கட்டிவிடுவான். 2021இல் அப்படித்தான் கட்டினான். டிசம்பர் 16ஆம் தேதி ஓடெட் புயல் அவர்கள் பக்கம் அடித்தது. போஹோலில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, அவன் உம்மா வீட்டுக் கூரை போய்விட்டது. பெட்டி எங்கே என்று கேட்டால் பக்கத்துத் தீவான செபுவில் குடோனில் இருக்கிறது என்றார்கள். பிப்ரவரியில்தான் வந்தது. அதில் கூரைத் தகடு இல்லை, ஸ்பாகெட்டியும் கிறிஸ்துமஸ் விளக்கும் இருந்தது. அவன் அதைச் சொல்லிவிட்டுக் குடோன் வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றான், நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அதே 2022இல், அரபு நாடுகளிலிருந்து போன பெட்டிகள் கணக்கில்லாமல் மணிலா துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. வாங்கிய காசை அந்தப்பக்கத்து ஏஜெண்டுக்குச் சில கம்பெனிகள் கட்டவே இல்லை. கடைசியில் சுங்கத்துறையே முன்னின்று உரியவர்களுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தது.

சரி, என் பெட்டி. கொடுத்த ஒரு வாரத்தில் நானும் ஊருக்கு வந்துவிட்டேன், இனி சபர், அதாவது வெளிநாட்டுப் பயணம், இல்லை என்று முடிவெடுத்து. டிராக்கிங் நம்பர் ஒன்று கொடுத்திருந்தார்கள். பிப்ரவரி 2இல் பார்த்தேன், "இன் டிரான்சிட்". மார்ச் 3இல் 45 நாள் முடிந்தது, அப்போதும் "இன் டிரான்சிட்". மார்ச் 28வரை அந்த இரண்டு வார்த்தை மாறவே இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால் நீல டிக் விழும், பதில் விழாது. என் வீட்டம்மா ஒருநாள் கேட்டாள்: "கப்பல்லதான் வருதா, இல்ல நீந்தி வருதா?"

பத்துத் தடவை கேட்ட பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. செங்கடலில் பிரச்சினையாம், கப்பலைத் தாக்குகிறார்களாம், அதனால் தாமதமாம். நான் இதைக் கேட்டு வாசல் திண்ணையிலேயே சிரித்துவிட்டேன். மரைக்காயர் ஊரில், கப்பலோட்டிய பரம்பரையில் பிறந்தவனிடம் போய்ச் செங்கடல் என்கிறான்! தோஹாவில் கிளம்பிய கப்பல் ஹொர்மூஸ் நீரிணை வழியாக அரபிக்கடலுக்கு வந்து இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியது. செங்கடல் அரேபியாவுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. பிறகு விசாரித்ததில் ஒன்று புரிந்தது. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதால் கன்டெய்னர் கிடைப்பதெல்லாம் குழம்பிப்போயிருந்ததாம். அப்படியானால் அந்தப் பையன் சொன்னது முழுப் பொய்யாக இருக்காது. ஆனால் அதை அப்படிச் சொல்லியிருக்கலாமே. "கன்டெய்னர் இன்னும் நிரம்பவில்லை காக்கா, நிரம்பினால்தான் கப்பல் ஏறும்" என்று ஒரு வரி போட்டிருந்தால் நான் ஏன் தினமும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன்? இந்தக் கம்பெனிமேல் எனக்கு உள்ள உண்மையான வருத்தம் 32 நாள் தாமதம் இல்லை, இந்த ஒரு வரிதான்.

ஏப்ரல் 4 காலையில் ராமநாதபுரத்திலிருந்து வந்த டிரைவர் போன் செய்தார். "அண்ணே, முக்கு ரோட்ல நிக்கிறேன், வந்து எடுத்துக்கங்க." டோர் டு டோர் என்று பில்லில் போட்டிருக்கிறதே என்றேன். "டோர் எங்கண்ணே இருக்கு? தெருவுக்குள்ள வண்டி வராது." அதில் அவர் சொன்னதும் நியாயம்தான். எங்கள் தெருவில் இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று யார் வீட்டுத் திண்ணைப் பக்கமாவது ஒதுங்க வேண்டும். லோடு ஆட்டோ பிடித்தேன், 200 ரூபாய். நோன்பு வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கும் என்னிடம் டிரைவர் டீ காசு கேட்டார். அவருக்கு ஒரு 50.

பெட்டியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் ஒட்டியது பழுப்பு டேப், இரண்டு சுற்று. பெரிய பெட்டியின் மேல் வாயில் வெள்ளை டேப், ஒரே சுற்று, அதுவும் கோணல். வீட்டுக்குப் போகும் வழியில் அரிசிக் கடையில் இறக்கித் தராசில் வைத்தேன். தோஹா தராசில் 42.6 இருந்து 43 என்று பில் போட்ட பெட்டி, இங்கே 40.4. 2.2 கிலோ குறைவு. பிரித்துப் பார்த்தால் பால்பவுடர் டின் ஆறில் நான்குதான் இருந்தது. 900 கிராம் டின், தகரத்தோடு கிட்டத்தட்ட 1.1 வரும். கணக்கு அப்படியே பொருந்தியது. எங்கே திறந்தார்கள், யார் கை வைத்தார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, ஆகவே யாரையும் கை காட்டவில்லை. பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், தொலைந்தால் கிலோவுக்கு 10 ரியால் என்று இருந்தது. தோஹாவில் இருக்கும் மருமகனை அங்கே அனுப்பினேன். போட்டோவும் தராசுச் சீட்டும் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் 22 ரியால் கொடுத்தார்கள். அதில் ஒரு டின்கூட வராது. ஆனாலும் கொடுத்தார்கள், அதற்கு ஒரு மார்க் போடுகிறேன்.

இரண்டாவது பெட்டியில் வேறு கூத்து. திறந்ததும் வீடு முழுக்க ஷாம்பு வாசனை. ஒரு லிட்டர் பாட்டில் மூன்று வைத்திருந்தேன். இரண்டு கசிந்து, கீழே இருந்த துவாலை, தொப்பி, பேரீச்சம்பழப் பெட்டி எல்லாவற்றிலும் இறங்கியிருந்தது. துவாலையை அலசப் போட்டால் நுரை அடங்கவே இல்லை, நாலு தண்ணி மாற்றினாள் வீட்டம்மா. மூன்றாவது பாட்டில் ஒரு சொட்டுக் கசியவில்லை. அது கபாயன் கொடுத்தது. நான் கிளம்புகிறேன் என்றதும் அவன் தன் பெட்டிக்கு வாங்கி வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து, "உன் மனைவிக்கு" என்று பெட்டிக்குள் செருகினான். மூடியைத் திருகி எடுத்தேன். பாட்டில் வாயின்மேல் பாலிதீன் பையில் வெட்டிய சின்னச் சதுரம் ஒன்று இழுத்துப் போர்த்தியிருந்தது, அதன்மேல் மூடி, மூடியின் கழுத்தில் டேப் மூன்று சுற்று. மூடி இறுகும் திசையிலேயே டேப்பைச் சுற்றியிருந்தான், எதிர்ப்பக்கம் சுற்றினால் இறுக்கும்போது மூடி தளர்ந்துவிடுமாம். பலமுறை பக்கத்தில் நின்று பார்த்தவன்தான் நான். என் பாட்டிலுக்குச் செய்யத் தோன்றவில்லை.

பெரிய பாட்டில் ஷாம்புமேல் அவனுக்கு ஒரு கிறுக்கு. அவன் உம்மா வீட்டு முன்னறையில் சாரி சாரி கடை வைத்திருக்கிறார். நம் பெட்டிக்கடை மாதிரி, கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சில்லறையாக விற்பது. ஷாம்பு பாக்கெட், ஒற்றைச் சிகரெட், கால் பாட்டில் எண்ணெய். டிங்கி என்பார்கள் அதை. அன்றன்றைக்குக் கூலி, அன்றன்றைக்குப் பாக்கெட். நமக்கும் இது புதிதா என்ன, பாக்கெட் ஷாம்புவை ஊரெல்லாம் கொண்டுபோனதில் நம் கடலூர்க்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சின்ன வயதில் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழித்துக் கடைசிச் சொட்டுவரை பிழிந்த வீடு அவன் வீடு. அதனால் உம்மா முழு பாட்டிலில் குளிக்க வேண்டும் என்று ஒவ்வொரு பெட்டியிலும் வைப்பான், "விற்கக் கூடாது" என்று மேலே மார்க்கரில் எழுதி. உம்மா என்ன செய்தார் தெரியுமா? மூடியால் அளந்து, ஒரு மூடி இவ்வளவு என்று தெருவுக்கே விற்றுவிட்டார். பாட்டில் ஷாம்பு, வெளிநாட்டுச் சரக்கு என்று ஐம்பது காசு கூடவே வைத்திருப்பார். என் வீட்டம்மாவும் லேசில்லை. கசிந்த இரண்டு பாட்டிலில் மிச்சம் இருந்ததை லாத்தாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கபாயன் பாட்டிலை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

லாத்தா மகனுக்குச் சொன்னது இதுதான். கனமான, உடையாத, அவசரமில்லாத பொருளைக் கடலில் போடு. தைலம், டின், பாத்திரம். லேசான, பெருத்த சாமானை ஏரில் போடாதே, போட்டே ஆக வேண்டுமென்றால் காற்றை எடு. சென்ட், பவர் பேங்க் வேண்டாம், பிரச்சினை. பாதிப் பொருள் இப்போது ராமநாதபுரத்திலேயே கிடைக்கிறது, தாங் ஜூஸ் தூள் உட்பட. அதை அங்கிருந்து காசு கொடுத்துக் கப்பலேற்றுவது வீண் என்று எனக்கும் தெரியும். ஆனால் "இது அங்கே இருந்து வந்தது" என்று சொல்லிக் கொடுக்கும்போது வாங்குகிறவர் முகம் வேறு மாதிரி இருக்கிறது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. பண்டிகைக்கு வேண்டுமென்றால் மூன்று மாதம் முன்னால் போடு. பெட்டியை மூடும் முன் உள்ளே இருப்பதை வரிசையாகப் போட்டோ எடு. கொடுக்கும்போது தராசில் நிற்கும் எண்ணையும் எடு. 22 ரியால் கிடைத்தது அந்தப் போட்டோவால்தான்.

ஐந்துக்கு எத்தனை என்றால் இரண்டரை. ஏர் பெட்டிக்கு மட்டும் தனியாக என்றால் நாலு தரலாம், என் முட்டாள்தனத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை.

போன முறை மருமகன் விடுமுறை முடிந்து திரும்பியபோது கபாயனுக்கு எங்கள் ஊர் இனிப்பான தொதல் கொஞ்சம் கொடுத்தனுப்பினேன். ஓலைக்கொட்டானில் வைத்து வீட்டம்மா கட்டிக் கொடுத்தாள். வாயில் போட்டதும் போன் வந்துவிட்டது. "குயா, இது எங்கள் கலமாய்!" தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் கருப்பு வெல்லமும் போட்டுக் கிண்டி, போஹோலில் தேங்காய்ச் சிரட்டைக்குள் அடைத்து விற்பார்களாம். எங்கள் தொதலை அவன் ஊர்க் கணக்கில் எழுதிக்கொண்டான், நான் விட்டுக்கொடுக்கவில்லை, இருபது நிமிடம் சண்டை. இப்போது இரண்டு கிலோ வேண்டும் என்கிறான், ஒரு கிலோ உம்மாவுக்காம், தன் பெட்டியில் வைத்து அனுப்பப் போகிறானாம். மருமகன் அடுத்த மாதம் வருகிறான். போகும்போது அவன் கைப்பையில்தான் அது போகும், கார்கோவில் போடமாட்டேன்.